சுரங்கப்பாதைப் படியில் மழை பார்த்தவர்கள்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்கும் ஸ்டேஷன்களில் எங்களுடையதும் ஒன்று. வசதி என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய், சில சிமெண்ட் பெஞ்சுகள், தண்டவாளத்துக்கு அடியில் போகும் ஒரு சுரங்கப்பாதை. முன்பெல்லாம் ஜனங்கள் தண்டவாளத்தின் மேலேயே தாண்டிப் போனார்களாம். பிறகு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, கீழே பாதை தோண்டினார்கள் என்று என் தையல் கம்பெனியில் மூத்த பெண்கள் சொல்வார்கள். பாதையின் நடுவில் டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன அறையும் கட்டினார்கள். சுவரில் நீர் கசிந்து டிக்கெட்டெல்லாம் நமத்துப்போனதால் கவுண்டரை மேலே கொண்டுபோய்விட்டார்கள். அறை மட்டும் அப்படியே நின்றது. ஸ்டேஷன் பெருக்கும் அக்கா அதில் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் வைத்திருந்தார்.

அந்த அறையில்தான் என் மூத்த மகள் பால் குடித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் தையல் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். குழந்தையோ பாட்டில் பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். அதனால் எங்கள் வீடு இருந்த முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்கு வந்து, மதிய வண்டி பிடித்து எங்கள் ஸ்டேஷனில் இறங்குவார். சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடிவருவேன். இது ஒத்துவராவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

முதல் நாள் பிளாட்பார பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். யாராவது நடந்துபோனால் முந்தானையை இழுத்துக்கொண்டு குழந்தையை விலக்கிவிடுவேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, புள்ளைய பட்டினி போட்டுகினு நீ இன்னாத்துக்கு அழுவுற? கீய ரூம்பு கீது, வா.”

“இவளுக்கு வெக்கம் ஜாஸ்திம்மா,” என்றார் மாமியார். “கண்ணாலத்தன்னிக்கு போட்டோக்காரன் தலைய தூக்கு தூக்குன்னு சொல்லியே ஓஞ்சிட்டான்.”

அக்கா சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்து, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். அன்று முதல் தினமும் அங்கேதான். மேலே வண்டி போகும்போது கூரை அதிரும். குழந்தை வாயை எடுத்துவிட்டு மேலே பார்ப்பாள். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி குடிப்பாள்.

ஐப்பசியில் ஒரு நாள் விடாத மழை. சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அறைக்குள்ளும் புகுந்துவிட்டது. கம்பெனி பக்கம் நான், எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் மாமியாரும் குழந்தையும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து அந்தப் பக்கம் ஏறினேன். ஒதுங்க இடம் என்று இருந்தது படிக்கு மேலே இருந்த சின்னக் கூரைதான். அதன் அடியில் எஸ்டேட் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் ஆண்கள். குழந்தை கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது.

“உக்காரும்மா,” என்றார் மாமியார்.

“இங்க எப்படி அத்தை? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.”

“ஊடு போற வரிக்கும் இவ தாங்குவாளா?”

 குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். அதற்குள் என் பின்னால் தண்ணீரில் வந்த அக்கா, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“அண்ணாத்தே, எல்லாரும் கொஞ்சம் அந்தாண்ட திரும்பி மழைய பாருங்க. கொயந்தைக்குப் பசி.”

“மழைய பாக்கத்தான்கா வந்தோம்,” என்று ஒருவர் சொல்லித் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். மேல்படியில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி நனைந்த சட்டைகள் ஒரு சுவர் போல நின்றன.

குழந்தை குடிக்கத் தொடங்கியபோது, வெளியிலிருந்து நனைந்துகொண்டே ஒரு ஆள் ஓடிவந்தார்.

“இன்னா மாமே, எல்லாரும் அப்படி இன்னாத்த பாத்துகினு கீறீங்க?”

“மூடிகினு நீயும் பாரு.”

அவரும் ஒன்றும் கேட்காமல் திரும்பி நின்று மழையைப் பார்த்தார். மாமியார் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

சிறிது நேரத்தில் மழை தூறலாகிப் பிறகு நின்றும் போனது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிட்ட பிறகு மாமியார்தான், “ஆச்சுப்பா,” என்றார். அவர்கள் திரும்புவதற்குள் நான் தலையைக் குனிந்தபடி தண்ணீரில் இறங்கிவிட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அந்த வேலையில் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தேன். இப்போது நகரத்தில் பூமிக்கு அடியிலேயே ரயில் ஓடுகிறது. பால் கொடுக்கத் தனி அறை கூட அந்த ரயிலின் ஸ்டேஷன் ஒன்றில் இருப்பதை மகள்தான் கூட்டிப்போய்க் காட்டினாள். நல்ல வெளிச்சமான அறை. சந்தோஷமாக இருந்தது.

அன்று நின்றவர்களில் சிலர் தினமும் என்னோடு அதே வண்டியில் வந்திருப்பார்கள். முகம் தெரியாததால் யாரிடமும் எதுவும் சொல்ல முடிந்ததில்லை. கூட்டத்தில் எனக்கு முன்னால் யாராவது முதுகு காட்டி நின்றால், இவராக இருக்குமோ என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.