முறிந்த ஊசியின் மூன்றாவது துண்டு

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. தெருவுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நான் போட்ட கூச்சலுக்கு நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிக்காரர்களின் தெருக்கள் முடிகிற இடத்தில் எங்கள் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அதில் என் வீட்டுக்காரர் தோல் தைக்கும் மிஷின் ஒன்றை வைத்திருந்தார். மெட்ராஸில் பழசாக வாங்கியது. எருமைத்தோலை இரண்டு மடிப்பாகக் கொடுத்தாலும் தைத்துத் தள்ளும். குதிரை வண்டிக்கான வார், கண்டக்டர் பை, சைக்கிள் சீட் என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

அந்த மிஷினில் ஊசிக்குக் கீழே இரண்டு வரிசை இரும்புப் பல் உண்டு. ஒவ்வொரு தையலுக்கும் பல் மேலே எழும்பி, தோலைக் கவ்வி, ஒரு தையல் தூரம் நகர்த்திவிட்டுக் கீழே போகும். ஊசி வளையாமல் நேராக இறங்குவதற்கு ஓட்டை போட்ட சின்ன எஃகுத் துண்டு ஒன்று இருக்கும். கைடு என்போம். அந்த ஓட்டை தேய்ந்து அகலமானால் ஊசி ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற ஊசி பல்லில் போய் இடித்தால் படீரென்று முறியும்.

எங்கள் கைடு தேய்ந்துபோய் வெகுநாளாகிவிட்டது. மாற்று, மாற்று என்று நான் கத்தாத நாளில்லை. "மெட்ராஸ் போறப்ப வாங்கிக்கலாம்" என்பார். அத்தி வரதர் குளத்தைவிட்டு எழுந்து வந்தாலும் வருவார், இந்த மனிதர் மெட்ராஸ் போகமாட்டார் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாழாய்ப்போன சிரிப்பு.

ஊசி முறிந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, முழு ஊசியாக வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தையல். குதிரையின் வாருக்குள் ஒரு முனை மாட்டிக்கொண்டால் போதும், அது உதைக்கிற உதையில் வண்டியே குடை சாய்ந்துவிடும்.

அன்று காலையில் வந்தவர் ஐயம்பேட்டையைச் சேர்ந்த ஒரு நெசவாளி. அவருக்குப் பெருவியாதி, குஷ்டம்தான், வந்து ஆஸ்பத்திரி மருந்தில் குணமாகியிருந்தது. நோய் போனது போனதுதான். ஆனால் போகும்போது இரண்டு பாதங்களின் உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் அவருக்கு மெத்தென்ற ரப்பர் அடியும் தோல் வாரும் வைத்த செருப்பு வேண்டும், எல்லாம் தையலாக இருக்கவேண்டும், ஆணி மட்டும் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நமக்கு ஆணி குத்தினால் ஐயோ என்று காலைத் தூக்குவோம். அவருக்குத் தெரியாது. குத்தியதன் மேலேயே நடப்பார், தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நாள் முழுக்க மிதிபலகையை மிதிப்பார். புண் சீழ் பிடித்து எலும்புவரை போன பிறகு காலை எடுப்பதைத் தவிர வழியில்லை. அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் எடுத்தார்களாம். அதை அவரே எங்களிடம் சொன்னார்.

நான் குழாயடியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் செருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவருடைய பழைய அறுந்த செருப்பு கடை ஓரத்தில் கிடந்தது. மிஷினுக்கு அடியில் பெருக்கினேன். துடைப்பத்தில் ஊசியின் தலைத்துண்டு வந்தது. அப்புறம் நடுத்துண்டு வந்தது. முனை வரவில்லை.

"யோவ், முனை எங்கயா?"

"அங்கதான் எங்கயாவது வுழுந்திருக்கும், பாரு. அந்தாளு பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நின்னுக்கினு இருந்தாரு. வேற ஊசி மாட்டி முடிச்சிக் குடுத்துட்டேன்."

 ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றி, பல்லிடுக்கில் அடைந்திருந்த தோல் தூளையெல்லாம் தட்டினேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி வைத்திருந்த காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தேன். ஆணி வந்தது, பிளேடு வந்தது, ஊசிமுனை மட்டும் வரவில்லை.

"செருப்புக்குள்ள போயிடுச்சிய்யா! யார் காலு தெரியுமாய்யா அது? குத்தினா கத்தக்கூடத் தெரியாத காலுய்யா!"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஊசியின் இரண்டு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே தள்ளினார். காந்தத்தையும் குறட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு நான் கேரியரில் ஏறினேன்.

"செருப்பைப் போட்டுக்கினா போனாரு?"

"பாக்கலியேமா. பழசுதான் இங்க கெடக்குதே. போட்டுக்கினுதான் போயிருப்பாரு."

வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனேன். திட்டி ஓய்ந்த இடத்தில் காமாட்சித் தாயே, காமாட்சித் தாயே என்று வேண்டிக்கொண்டேன். மூச்சு வந்ததும் மறுபடி திட்டினேன். எதிர்க்காற்றில் அவர் சட்டை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் இன்னும் வேகமாக மிதித்தார். கைடு வாங்க மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஐயம்பேட்டை வருவதற்கு முன்பே, தார் ரோட்டில் ஒருவர் நடந்துபோய்க்கொண்டிருந்தார். தலையில் துண்டு, தோளில் மஞ்சள் பை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்துபோவதைப் பார்க்கச் சகிக்காமல் பாதி வழியிலேயே இறங்கிவிட்டாராம், பிற்பாடு தெரிந்துகொண்டோம். நான் அவர் காலைத்தான் பார்த்தேன்.

வெறுங்கால்!

சைக்கிள் நிற்பதற்குள் குதித்தேன். "அண்ணா! செருப்பு எங்கண்ணா?"

"பையில பத்திரமா இருக்குதுமா. இன்னாமா இப்படி ஓடியார்ரே?"

"போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லமா. இன்னும் காலையே வெக்கல."

அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது.

"செருப்பைப் பையில வெச்சிக்கினு வெறுங்கால்ல நடக்கறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? ரோட்டுல இன்னா பூவா போட்டு வெச்சிருக்காங்க?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "திட்டாதமா. எங்க வீட்டுல தறிக்குழிக்குள்ள தோலே எறங்கக்கூடாதுன்னாங்க. நாங்க கும்புடற எடமாச்சே. கெஞ்சிக் கூத்தாடினேன். சரி, புதுசா, தெரு மண்ணு ஒட்டாம கொண்டாந்தா எறக்கிக்கன்னு சொல்லிட்டாங்க. அதான் மண்ணு படாம எடுத்துக்கினு போறேன்."

 பையை வாங்கி, செருப்பின் மேல் காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்தினேன். இடது செருப்பில் ஒன்றுமில்லை. வலது செருப்பில், கட்டைவிரல் வைக்கிற இடத்தில், காந்தம் கையைவிட்டு இழுத்தது. அடியை வளைத்தேன். தோலுக்கும் ரப்பருக்கும் நடுவிலிருந்து கேழ்வரகு அளவுக்கு ஒரு மினுமினுப்பு மேலே எட்டிப் பார்த்தது. கால் வைத்து அழுத்தியிருந்தால் முழுசாக ஏறியிருக்கும். என் வீட்டுக்காரர் குறட்டால் பிடித்து இழுத்தார். கொண்டுவந்த இரண்டு துண்டுகளோடு அதை உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். ஊசி முழுசாக இருந்தது. 

"உட்காருங்கண்ணா. காலைக் காட்டுங்க" என்றேன்.

"வேணாம்மா, இந்தக் காலைப் போய் நீ..."

"காட்டுங்கன்னா காட்டுங்க!"

முந்தானையை மதகுத் தண்ணீரில் நனைத்துப் பாதத்தைத் துடைத்தேன். தார் ஒட்டியிருந்தது. விரலிடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன். நான் தொடுவது அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவர் தன் காலைப் பார்க்கவேயில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் மாறினால்தான் அவருக்குச் சேதி.

"இன்னாமா இருக்குது?"

"ஒரு கீறல் இல்லண்ணா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். 

செருப்பை நானே அவர் காலில் மாட்டி வாரை இழுத்துக் கட்டினேன். மண் ஒட்டுமே என்று தயங்கினார். "ஒட்டட்டும். உங்க வீட்டம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் கூடவே நடந்தேன்.

தறிச்சத்தம் கேட்கிற ஒரு சின்ன வீடு. அவர் மனைவி வாசலுக்கு வந்தார். புதுச் செருப்பில் ரோட்டுப் புழுதியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நடந்தது அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, ஊசிமுனையை அவர் கையில் வைத்தேன்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. அந்த முனையைத் தன் கட்டைவிரலில் வைத்து அழுத்தினார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். பொட்டாக ரத்தம் வந்தது. அதைப் பார்த்தார், பிறகு புருஷனின் காலைப் பார்த்தார். "இது ஏறியிருந்தாக்கூட நீ சிரிச்சிக்கினே வந்திருப்பியேயா" என்றார். 

இது எதுவும் காதில் விழாதவர்போல நெசவாளி வாசற்படியில் நின்று, பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில், செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதே" என்றார் அந்த அம்மாள். "செருப்போடவே உள்ள வா."