மஞ்சள் பிளாஸ்டிக் கட்டியவள்

அந்தப் பாட்டைப் பாடியவள் நான்தான். லெட்சுமி இல்லை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. தேயிலைத் தோட்டத்தில் லெட்சுமியும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம். என் அப்பா கங்காணி. கிட்டார்க்காரர்களோடு மகள் பாடினாள் என்று தெரிந்தால் காலை ஒடித்துவிடுவார். ஆனாலும் பல் வைத்தியம் என்று பொய் சொல்லி மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்குப் போனேன். அங்கே கிட்டார் பேண்டு வைத்திருந்த மாமன் மகன் சேகருக்கு ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்தேன். அதை 'ஃபங்க்' என்றான். எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. பேஸ் கிட்டார் அடிவயிற்றில் உதைத்தது, வாய் தானாகத் திறந்தது, அவ்வளவுதான்.

கேசட்டில் பாடியவள் பெயர் போடவில்லை. அதுவே வினையாயிற்று. ரிங்லெட் டவுன் கோப்பிக்கடையிலும் காய்கறி லோரிகளிலும் ஒரே கேள்வி: யார் அந்தப் பொண்ணு? சேகர் ஒரு மேடையில் "தேயிலை மலைப் பொண்ணு" என்று உளறிவிட்டான். தேடல் எங்கள் லயத்து வீடுகளுக்கே வந்துவிட்டது.

"கேக்கிறவங்களுக்கு இன்னொரு பாட்டாலேயே பதில் சொல்லிருவோம்லா," என்றான். "அடையாளம் மட்டும் உன்னோடது வேணாம்."

யாருடையது? நான்தான் கொடுத்தேன்... அந்த இரண்டாவது பாட்டையும் நானே பாடினேன்.

பேரக் கேக்காத மச்சான், ஊரக் கேக்காத,
மஞ்சப் பிளாஸ்டிக் கட்டி வருவேன், பின்னால வராத,
தெத்துப்பல்லு சிரிக்கும்போது திரும்பிப் பாக்காத.

பனி ஈரத்துக்கு நாங்கள் எல்லோரும் இடுப்பில் பிளாஸ்டிக் சுற்றுவோம். மஞ்சள் நிறத்தில் சுற்றியவள் லெட்சுமி ஒருத்திதான். தெத்துப்பல்லும் அவளுடையதே. ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவளுக்குச் சுருதி வராது, அவளைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். ஊர்க் கண் என்னை விட்டுப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

போயிற்று. அவள் மேல் விழுந்தது.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நிச்சயத்தன்று கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "ஊரே பேசுது. நீ இல்லேன்னா ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, குரல் தெரிஞ்சிரும்."

பாவி மகள் பாடினாள். மாரியம்மன் பாட்டு... ஒரு வரிகூட நேராக நிற்கவில்லை. தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

"வேணும்னே கெடுத்துப் பாடுறா," என்றார் அந்த அம்மா.

வெற்றிலைத் தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பாட்டின் முதல் வரியை வாய்விட்டுப் பாடியிருந்தால் போதும்... என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். நான் குனிந்து வெற்றிலையை அடுக்கினேன். தட்டை வாங்காமலே அவர்கள் லோரி ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் நிரையில் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது என்னை நம்புறியாடி?"

"நம்புறேன்," என்றேன்.

அதற்கு அழுதுகொண்டே நன்றி சொன்னாள். நான் மனுஷிதானா?

அதன்பின் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு மகளும் பிறந்தாள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருக்குப் பயம் என்று கேட்பீர்கள். அவளுக்குத்தான். சொன்னால் எனக்கு அவளும் இல்லை.

போன தீபாவளிக்கு முறுக்கோடு வந்தாள். என் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பழைய கதையெல்லாம் சொல்லி, "ஊரே என்னைத் திட்டினப்ப உங்கம்மா ஒருத்திதான் நம்பினா," என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "பாடினது சின்னம்மா இல்லைன்னு உனக்கு மட்டும் எப்படிம்மா தெரியும்?"

லெட்சுமியும் சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தெத்துப்பல்...

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கலக்க உள்ளே போனேன்.

"பாத்தியா," என்று லெட்சுமி என் மகளிடம் சொல்வது கேட்டது, "உங்கம்மா அப்படித்தான்."