தம்பி காயவிட்ட வயல்

தம்பி கெட்டிக்காரன். அதை அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. தேனீ வளர்க்கப் பெட்டி அடித்தான். மூலைக்கு மூலை சுத்தமாகப் பொருந்திய அருமையான பெட்டி. தேனீ வாங்கத்தான் மறந்துவிட்டான். காளானுக்குக் கொட்டகை போட்டான். அதில் இப்போது கோழிகள் சௌகரியமாக இருக்கின்றன. தொடங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விவசாயிகள் குழுவில் அவனுக்கு ஆரம்பசூரன் என்று பெயர் வைத்து, நாளடைவில் சுருக்கிச் சூரன் என்றே கூப்பிட்டார்கள்.

குழு கூடுவது உரக்கடையின் பின்னறையில். மூட்டைகள்தான் இருக்கை. கிணறுகளில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்ததால், நெல்வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையைக் குழுத் தலைவி விளக்கினார். முழங்கை நீளத்தில் ஒரு குழாய், அதன் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டைகள். அதை வயலில் ஊன்றி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட்டால், மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். அது சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துக்கு இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். முதலில் யார் செய்து பார்ப்பது என்று கேட்டதும், மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்ததை எல்லோரும் மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். தம்பி கையைத் தூக்கினான்.

அவன் மனைவி இதைக் கேட்டுக் கத்தவில்லை. நிலம் அவள் பெயரில் இருந்தது. கத்த வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

"தாராளமா செய்ங்க. இதையும் பாதியில விட்டீங்கன்னா நிலத்த எங்க அண்ணனுக்குக் குத்தகைக்கு விட்டுடுவேன். நீங்க அவர் மில்லுல போய் வேலை பாருங்க."

மறுநாளே மச்சான் வந்து வரப்பில் நடந்து, எந்த மூலையில் மாமரம் வைக்கலாம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி குழாயை ஊன்றினான். ஆழம் பார்க்க மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, விரற்கடை விரற்கடையாகக் கோடு போட்டான். நிலத்தில் மயிரிழை போல வெடிப்பு விட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் இருந்ததால் அவன் நிம்மதியாகத் தூங்கினான். காலையில் போய்ப் பார்த்தால் வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மோட்டாரை அவன் தொடவே இல்லை.

வடியவிட்டுக் காயவைத்தான். மறுபடியும் நிரம்பியது. அன்றைக்கென்று பார்த்துக் குழுத் தலைவி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழாய் முழுகிக் கிடந்தது. இதுதான் காயவிடுகிற லட்சணமா என்று ஒருவர் கேட்டார். மீன் விட்டால் நன்றாக வரும் என்றார் இன்னொருவர். தம்பி வடிகால் வெட்ட மண்வெட்டியை எடுத்தான்.

அடுத்த முறை, விடிகிற நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தான். மண்வெட்டியோடு வந்தவர் மேல்வயல்காரர். தம்பிக்கு அப்பா வயது, இளகிய மனசு. தன் மடையை வெட்டித் தம்பியின் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் திருடுகிறவனைப் பிடித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் கொடுக்கிறவரைப் பிடித்தால் என்ன சொல்வது?

"என்னங்கய்யா இது?"

"மோட்டார் கெட்டுப்போச்சுன்னு வெளியில சொல்ல உனக்குக் கூச்சமா இருக்கும்னு நெனச்சேன் தம்பி. பயிர் வாடுனா மனசு கேக்கல."

தம்பி பொறுமையாக விளக்கினான். குழு, குழாய், ஓட்டை, சாண் எல்லாம் சொன்னான். பெரியவர் முழுவதையும் கேட்டு, நல்ல யோசனை என்று பாராட்டி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் தண்ணீர் விட்டார்.

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. பெரியவர் எதிரிலேயே குச்சியை வரப்பில் விட்டெறிந்தான். "நீங்களே பாத்துக்குங்க. வயலும் வேணாம், குழாயும் வேணாம்." வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். மனைவி செல்போனை எடுத்து அண்ணன் நம்பரைத் தேடினாள். கிடைத்தது, கூப்பிடவில்லை. மேசைமேல் வைத்தாள்.

அந்தச் செல்போன் மேசைமேல் இருப்பது போர்வைக்குள்ளிருந்தும் அவனுக்குத் தெரிந்தது. நான்கு நாள் தாங்கினான். ஐந்தாம் நாள் யாருக்கும் தெரியாமல் வயலுக்குப் போனான். எங்கும் வெடிப்பு. ஐயோ என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

"சுவிட்சத் தொடாத."

குழாயருகே குந்தியிருந்தார் மேல்வயல்காரர், கையில் அந்த மூங்கில் குச்சி.

"இன்னும் ரெண்டு விரக்கட இறங்கணும். அதுக்குள்ள என்ன அவசரம்? எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனல்ல, அப்புறம் எதுக்கு மூக்க நுழைக்கிற?"

கோபத்தில் சொன்னதை அவர் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கும்போது பதறிய மனசு, அளக்கும் வேலை கைக்கு வந்ததும் கல்லாகிவிட்டது. பயிர் வாடுகிறதே என்று பரிதாபப்பட்ட வழிப்போக்கர்களை அவர் குழாய்க்கு இழுத்துவந்து, குனிய வைத்து, பார்க்க வைத்துத்தான் அனுப்பினார். பூக்கும் சமயத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைத் தம்பிக்கே நினைவூட்டினார். தம்பியும் கூடவே குந்தப் பழகினான். அறுவடைக்கு முன்பே அவருடைய வயலிலும் ஒரு குழாய் முளைத்துவிட்டது.

தம்பியின் வயலில் விளைச்சல் குறையவில்லை. மோட்டார் ஓடியதுதான் குறைந்தது. உரக்கடைப் பின்னறைக் கூட்டத்துக்கு அந்த முறை மனைவியும் வந்தாள், மச்சானும் வந்தார். எழுந்து பேசியவர் மேல்வயல்காரர்.

"இவன் பாதியில போட்டுட்டுப் போயிட்டான். நான்தான் காயவெச்சேன்."

அறை சிரித்தது. மச்சான் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். தம்பி மூட்டையைப் பார்த்தான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"பாதியில விட்டாலும் சரியான ஆள்கிட்டதான் விட்டிருக்காரு. மாமரத்த உன் வீட்டு வாசல்லயே வெச்சுக்க அண்ணா."

அன்று கூட்டத்தில் பாதிப்பேர் குழாய் வேண்டும் என்றார்கள், தம்பியிடம் இல்லை, மேல்வயல்காரரிடம். ஓட்டை போடும் வேலையை மட்டும் அவர் தாராளமாகத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க வாசலில் அவன் துளைபோட்டான். குழாய் உருளாமல் மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் எழுந்து போய்விடுவானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.