இன்னொரு தடவை நிற்கட்டும்

என் பழைய கார் ஓடும்போதே திடீரென்று அணைந்துவிடும். மெக்கானிக் முன்னால் மட்டும் அணையாது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த ஒரு மெக்கானிக், பானெட்டைத் திறக்காமலே ஏறி உட்கார்ந்தார்.

"அது நிக்கற எடத்துக்கே போலாங்க."

அது அடிக்கடி நிற்கும் சித்தேரி மலைக்கே போனோம். இறங்கும்போது அவர் கண்களை மூடிக்கொண்டார். இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு வளைவில் இஞ்சின் அணைந்தது. இஞ்சின் அணைந்ததும் பிரேக் மிதி கல்லாக இறுகிவிட்டது. எழுந்து நின்றே மிதித்து, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன்.

"ஏதாவது புடிபட்டுச்சுங்களா?"

"எங்கீங்க, பயத்துல காதே அடச்சுப்போச்சு. பெட்ரோல் பம்பு மொதல்ல நிக்குதா, இஞ்சின் மொதல்ல நிக்குதான்னு கேக்கணும். இன்னொரு தடவ நிக்கட்டுங்க."

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. கீழே இன்னும் எத்தனையோ வளைவுகள். அவர் மறுபடி கண்களை மூடிக்கொண்டார். எனக்குத்தான் மூட வழியில்லை.