ஆட்டுப்பட்டி மண்

அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு அண்ணன் தங்கையான என்னிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டினான். நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை வாங்காமல் நின்றேன். சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"உனுக்கு இன்னாத்துக்கு மே மண்ணு? அதான் உன் ஆபீஸுக்குத் தெனம் மூட்ட மூட்டயா வருதே."

எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. விவசாயிகள் மஞ்சள் பையில் கொண்டுவரும் மண்ணைச் சோதித்து அட்டை எழுதித் தருவோம். உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, உரச்சத்து எவ்வளவு, அத்தோடு எங்கள் வித்தை முடிந்தது.

எங்கள் கழனி சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்தில், கிருமியைக் கொல்லும் மாத்திரை செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. கிணறு வற்றிய வருஷம், கழிவுநீரைச் சுத்தம் செய்து பாசனத்துக்கு விடுகிறோம் என்றார்கள். அண்ணன் முந்திக்கொண்டு சம்மதம் எழுதிக் கொடுத்து, குழாயைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. வாடையே இல்லை. ஊரே வயிறெரிந்தது. நானும்தான்.

மூன்றாம் வருஷம் வேர்க்கடலை வெளுத்தது. நல்ல கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். அதற்குள் வாழும் நுண்ணுயிர்தான் செடிக்குச் சத்தைப் பிடித்துத் தரும். அண்ணனின் செடிகளில் வேர் சவரம் செய்த மாதிரி மழமழவென்று இருந்தது. மனுஷன் உடம்பில் கிருமியைக் கொல்லும் மருந்து, மண்ணில் இருப்பதை மட்டும் விட்டுவைக்குமா?

அண்ணன் கம்பெனிக்குப் போய்ச் சத்தம் போட்டான். மானேஜர் அமைதியாகச் சொன்னாராம்: "மண்ணு கெட்டுப்போச்சுன்னு முத்திரை போட்ட கார்டு கொண்டாங்க. அன்னிக்கே பைப்பை வேற பக்கம் திருப்பிடறேன். அதுவரைக்கும் நீங்க எழுதிக் குடுத்தபடி தண்ணி வரும்."

அதனால் என்னிடம் வந்தான். பத்து இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் எடுத்துக் கலந்து கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் பையை என் மேஜைமேல் வைத்தான். கறுகறுவென்ற மண். சலித்து, நிழலில் உலர்த்தி, ஒரு கல் இல்லாமல், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துகிற மாதிரி இருந்தது. விரலில் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆட்டுப் புழுக்கை. வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டுகிற மேட்டு மண். வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறியதே இல்லை.

"இது கழனி மண்ணாண்ணா?"

"நம்ம மண்ணுதான் மே. நாலு படிச்சவன் பாக்கற எடம், லட்சணமா இருக்கவாணாமா? வெசம் இருந்தா மிசினு சொல்லிட்டுப் போவுது."

கெட்டுப்போனது என்று எழுதி வாங்க வந்தவனுக்குக் கெட்ட மண்ணைக் காட்ட வெட்கம். எங்கள் வீட்டு ஆண்களுக்குக் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. 'வேற கொண்டா' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்குச் சிரித்த முகங்கள் நினைவுக்கு வந்தன. சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அட்டை என் கையெழுத்தில்தான் போனது. சத்து அதிகம், உப்பு இல்லை, வேர்க்கடலைக்கு ஏற்ற மண். மானேஜர் அதை அண்ணனிடம் வாங்கி நகலெடுத்துக் கம்பெனி வாசலில் ஒட்டினார். அதைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் தண்ணீர் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேரோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

அண்ணன் அட்டையை நம்பினான். கண்ணால் கண்ட வேரை விட்டுவிட்டுத் தங்கை எழுதியதை நம்பினான். குற்றம் விதையில்தான் என்று வேறு விதை வாங்கி, மார்கழியில் முழுக் கழனியும் விதைத்தான்.

பங்குனியில் ஊருக்குப் போனேன். வரப்பில் நின்று ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினான். ஒரு முடிச்சு இல்லை.

"நல்லா கீதுன்னுதான எழுதன?" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கத்தான் சொன்னேன்: "நீ குடுத்தது ஆட்டுப்பட்டி மண்ணுண்ணா. தொட்டப்பவே எனக்குத் தெரியும்."

அவன் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனியில் இறங்கினான். பத்து இடம், ஒரு சாண் ஆழம், சொன்னது சொன்னபடி தோண்டினான். மூன்றாவது குழியிலேயே என் சந்தோஷம் போய்விட்டது.

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். யாரையும் தொட விடாமல் நானே சோதித்தேன். உப்பாவது ஏறியிருக்கும் என்று நம்பினேன். ஏறவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன். வேரை மொட்டையடித்தது எதுவோ, அது எங்கள் கருவிகளுக்குத் தெரியவே இல்லை. பொய்யாக ஒரு வரி எழுதியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். வந்ததையே எழுதினேன்: சத்து நடுத்தரம், உப்பு இல்லை, வேர்க்கடலைக்கு ஏற்ற மண்.

அண்ணன் அட்டையை இரண்டு முறை படித்தான்.

"எங்க மிசினுக்கு மாத்திர தெரியாதுண்ணா. இந்தத் தடவ உள்ளதத்தான் எழுதியிருக்கேன்."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். கண்ணில் கோபமே இல்லை.

"இன்னும் உன் ஆத்தரம் தீரலியா மே?" என்றான்.