கால் பார்க்க வந்த டாக்டரம்மா

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. நான் பெற்றது மூன்று. கொழுந்தனார் பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு அவர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. அதைப் பெருமையாகவே சொல்வேன். நான் எழுத வந்தது என் இடது காலைப் பற்றி. அதில் பெருமை ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், நிதானமாகத்தான் எழுத வரும்.

உத்திரமேரூரை அடுத்து மானாம்பதிப் பக்கம் எங்கள் நிலம். நடவுக்கும் களைக்கும் வெறுங்காலோடுதான் இறங்குவோம். என் பெரிய பெண்ணுக்குப் பதினெட்டு இருக்கும்போது என் இடது உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு வந்தது. முள் குத்திய இடம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் முள் குத்தினால் சேராங்கொட்டையைச் சுட்டு, அதில் சொட்டுகிற எண்ணெயை வைப்போம். வைத்த இடம் கறுத்துவிடும், லேசில் போகாது. அதனால் கறுப்பைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. கறுப்பு அகலமாக அகலமாக, மருந்து பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் வைத்தேன்.

பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் வந்தால் நெறி கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. வலிக்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கேதான் அந்த டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும், ஒல்லியாக, கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம்கூட இல்லாமல் இருப்பார். வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்கிறவர். தோலில் வருகிற அந்தக் கறுப்புப் புற்று, ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய நீர்க்குழாய் வழியாக எப்படி நெறிக்கு ஏறுகிறது என்பதுதான் அவர் தேடியது. என் கால் விரல் இடுக்கில் ஊசியால் நீல மை ஏற்றினார். சற்று நேரத்தில் புறங்காலில் நூல் நூலாக நீலக் கோடுகள் மேலே கிளம்பின.

"இதோ போகுது பாருங்க, இதோ போகுது" என்று குனிந்து பார்த்துச் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சுற்றிலும் மீசை முளைத்த பையன்கள், டாக்டருக்குப் படிக்கிறவர்கள். என் புடவை தொடை வரைக்கும் சுருட்டியிருந்தது. கட்டின புருஷனுக்கு முன்னாலேயே கெண்டைக்கால் தெரிய நடக்காதவள் நான். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் சிறுநீர் நீலமாகப் போனது. செத்துவிடுவேன் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். டாக்டரம்மாவோ வார்டுக்குள் நுழையும்போதே, "என்னம்மா, நீலமா போச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். அது மை வெளியேறுவதாம். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளங்காலில் கறுப்பை வெட்டி எடுத்து வேறு தோல் வைத்துத் தைத்தார்கள். நெறியையும் எடுத்தார்கள். எடுத்ததை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். என் தொடை இடுக்குச் சதை பாட்டிலில் மிதக்கும், நாலு பேர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள் என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நெறி போய்விட்டதால் காலில் ஊறுகிற நீர் மேலே ஏற வழியில்லாமல் கால் வீங்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். அப்படியே வீங்கியது. ஊர் அதற்கு யானைக்கால் என்று பெயர் வைத்தது. எங்கள் பக்கம் யானைக்கால் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அது இல்லை என்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் கேன்சர். அது இன்னும் மோசம். அதனால் எதையும் சொல்லாமல் புடவையைத் தழையக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெண்ணுக்கு இருபது ஆகி வரன் பார்க்க ஆரம்பித்தோம். வீக்கத்துக்குக் கட்டுப் போட்ட காலோடு பஸ் ஏறினால் நாலு பேர் கேட்பார்கள் என்று இரண்டு தடவை போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் குளிக்கும்போது, தொடை இடுக்குத் தழும்புக்கு மேலே மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்று கையில் நெருடியது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சொந்த ரைஸ் மில், ஒரே பையன். என் வீட்டுக்காரருடைய அக்கா முடித்துவைக்கிற சம்பந்தம். என்னைப் பாயில் உட்கார வைத்துக் கால்மேல் போர்வையைப் போட்டதும் அந்த நாத்தனார்தான்.

"முட்டி வலின்னு சொல்லிக்கிறேன். நீ எய்ந்துக்காத, வாயத் தொறக்காத" என்றாள்.

பையனைப் பெற்றவள் வந்ததிலிருந்து போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தார்.

"என்னம்மா, ரெண்டு தடவையா வரவே இல்ல? எப்படி இருக்கீங்கன்னு நானே பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாருங்க இவுங்க?" என்று பையனின் அம்மா கேட்டாள்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "இவுங்களா? குடும்பக் கட்டுப்பாடு அம்மா. வூடு வூடா வந்துகினே இருப்பாங்க, ஒரே பேஜாரு."

அந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கட்டிக் குடுக்கப் பொண்ண வெச்சிக்கினு உனக்கு இன்னாம்மா கட்டுப்பாடு? தாயும் மவளும் ஒரே தொட்டிலு கட்டலாம்னு பாக்குறியா?"

கூடமே சிரித்தது. பையன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, இன்னொரு நாள் வரேன்" என்று திரும்பினார்.

அவ்வளவு தூரம் எனக்காக வந்த ஒருத்தர், ஒரு சொம்பு தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறார். கூப்பிட வேண்டியவள் நான். என் உயிரும் அதில்தான் இருந்தது. எனக்கு வாய் திறக்கவில்லை.

என் பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா, போவாதீங்க." பிறகு பையனின் அம்மாவிடம் திரும்பினாள். "எங்கம்மாவுக்கு யானக்கால் இல்லீங்க. கால்ல கேன்சர் வந்து ஆபரேஷன் பண்ணிக்கிது. அதப் பாக்கத்தான் இவுங்க வந்துகிறாங்க. கட்டுப்பாடுமில்ல ஒண்ணுமில்ல."

"அடிப்பாவி! உன்ன எவடி கேட்டா?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

உள் அறையில் டாக்டரம்மா தழும்பைத் தடவிக்கொண்டே வந்தார். மொச்சைக்கொட்டை இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது எப்போலேர்ந்து?"

சொன்னேன். கதவருகில் என் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் கம்முனு இருந்துகினியா? எனுக்குக் கல்யாணம் பண்ணிட்டு நீ செத்துப்பூடலாம்னா?" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். காப்பி ஆடை கட்டி இருந்தது. பையனுடைய டம்ளர் மட்டும் காலி.

அன்றைக்கே அதே ஜீப்பில் மெட்ராஸ் போனோம். "எனுக்காக இம்மாந்தூரம் வந்தீங்க, உள்ள வாங்கன்னுகூட நான் சொல்லல" என்றேன்.

டாக்டரம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்காக மட்டும் வரலம்மா. உள்ளங்கால்ல இது வந்தவங்க நிறையப் பேர் திரும்பி வர்றதே இல்ல. சில பேர் உயிரோட இல்ல, சில பேருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. இது நெறியோட நின்னுடுமா, தாண்டிப் போகுமான்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆள் வேணும். நீங்களும் மறைஞ்சுட்டா என் வேலை பாதியில நிக்கும்."

அதைக் கேட்டபோது இன்னும் சுருங்கிப்போனேன். நான் மறைத்துக்கொண்டு உட்கார்ந்த காலைத் தேடி ஒருத்தர் ஊர் ஊராக அலைகிறார்.

அந்தக் கொட்டையையும் எடுத்தார்கள். ஒருநாள் டாக்டரம்மா என்னை அழைத்துப்போய்க் கண்ணாடிக் கருவியில் பார்க்கச் சொன்னார். முதலில் எடுத்த நெறியில் ரோஸ் நிறத்துக்கு நடுவே கறுப்பாகப் பொடிப்பொடியாக, கருகின எள்ளை இறைத்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் இல்லை. "இங்க வரலம்மா, அங்கயே நின்னுடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் நின்றது என்று கேட்டேன். "அதுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கருவியில் குனிந்துகொண்டார். பாட்டிலை நினைத்து அதற்குப் பிறகு எனக்கு உடம்பு கூசவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து தகவல் வந்தது. அம்மாவின் கால் பரவாயில்லையாம், பெண்ணுக்கு வாய் நீளமாம். அந்தப் பேச்சு எங்கள் காலுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. மூன்று வருஷம் ஒருத்தரும் எங்கள் வாசல் ஏறவில்லை. ஏரிக்கரையில் பெண்கள் அவளைப் பார்த்து, "வக்கீலம்மா வர்றாங்கடி" என்று சிரிப்பார்களாம். அப்புறம்தான் கூரம் என்கிற ஊரில் ஒரு நல்ல பிள்ளை அமைந்தது. என் கால் அவள் வாழ்க்கையைத் தடுக்கவில்லை. நான் பேச வேண்டியதை அவள் பேசினாளே, அதுதான் தடுத்தது. அவள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் என் தப்புதான் என்று வாயெடுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறோம். சொல்ல வரும், வேறு பேச்சுப் பேசிவிடுவேன். எழுதினால் எழுத முடிகிறது.

இன்றைக்கு அவள் வந்திருக்கிறாள். சமையற்கட்டில் வடகம் பொரிக்கிற சத்தம் கேட்கிறது. அவள் பெற்ற பேத்தி இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கண்ணு, இந்தா, மொதல்லேர்ந்து படி."

"மனசுக்குள்ளயா ஆயா?"

"இல்லடி. சத்தமாப் படி. உங்கம்மா காதுல வுழணும். அவ வந்து எதிர்ல நின்னாலும் நிறுத்தாத."