றாசன் எடுத்த மீன் பாடம்

இன்று இறக்கக்கண்டிக் கடற்கரையில் பிள்ளைகளின் விடுமுறை முகாமுக்குப் பேத்தியைக் கூட்டிப் போனேன். மீன்பிடி பழக்க வந்து நின்றவன் றாசன்.

என் மனுசன் வலை போட்ட இடத்தில் டைனமைற் எறிந்த அதே றாசன். அன்று முதல் அவன் முகத்தில் முழிப்பதில்லை.

பேத்தியின் தூண்டிலில் ஒரு விளைமீன் குஞ்சு பட்டது. அவளுடைய முதல் மீன். வாளித் தண்ணீருக்குள் விட்டாள்.

"அளவு காணாது மகள். கையை நனைச்சுப் பிடிச்சு, கடலில விடுங்கோ," என்றான் றாசன்.

"மாட்டன்! அம்மாவுக்குக் காட்டோணும்," என்று அவள் வாளியைக் கட்டிப்பிடித்தாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "டைனமைற் போட்டவர் இப்ப குஞ்சுக்கு இரக்கப்படுறாரோ?"

பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஓம் பிள்ளையள், அக்கா சொல்லுறது உண்மை. நான் வெடி போட்டனான். பெரிய மீனை அள்ளினன், குஞ்செல்லாம் செத்து மிதந்தது. பிறகு அந்த இடத்தில எனக்கும் மீனில்லை, அக்கா ஆக்களுக்கும் இல்லை."

பேத்தி கையை நனைத்துக் குஞ்சை வாளியிலிருந்து எடுத்தாள். குஞ்சு நழுவிக் கடலுக்குள் போனது.

பிறகு றாசன் எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தான். வாங்கிக் குடித்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் திட்ட வைத்திருந்ததை எல்லாம் அவனே சொல்லி முடித்துவிட்டான்.

இனி அவனை எதைச் சொல்லித் திட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.